பதில்: புடா வீட்டு வாயில்களின் ‘செடிலியா’வுக்குத் தமிழில் என்ன?

> வாசலருகே உட்காரும் இடம்தானே? ‘திண்ணை’ என்றே போட்டுவிடலாமே.

ஐயா, எனக்கும் முதலில் திண்ணைதான் தோன்றியது. ஆனால் இது எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஹங்கேரித் தலைநகர் புடாபெஸ்டின் புடா பகுதியில், கோட்டைக் குன்றின் ஊரித் தெருவில் உள்ள பழைய வீடுகளில் பெரிய வாயிலைத் தாண்டினால், முற்றத்துக்குப் போகும் நடை வரும். அதன் பக்கச் சுவரில் வரிசையாகக் குழிவுகள், ஒவ்வொன்றும் ஓர் ஆள் உட்காரும் அகலத்தில். மேலே கூர்வளைவு, சிலவற்றில் அதற்குள் மூன்று இதழாகச் செதுக்கிய கல். திண்ணை சுவருக்கு வெளியே, தெருவைப் பார்த்து இருப்பது. இதுவோ சுவரின் கனத்துக்குள்ளேயே குடைந்தது, அதுவும் நம் ரேழி மாதிரியான இடத்தில். (ரேழி ‘இடைகழி’யின் தேய்வுதானே. அந்த நடைக்கு ‘இடைகழி’ என்றே எழுதிவிடலாம்.)

‘செடிலியா’ என்றே விட்டால் ஏதோ செடிவகை என்று நினைப்பார்கள். லத்தீனில் அதற்கு வெறும் ‘இருக்கைகள்’ என்றுதான் பொருள். தேவாலயத்தில் பீடத்தருகே குருமார் அமர்வதற்கானவை. வீட்டு வாயிலில் யார் உட்கார்ந்தார்கள் என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒத்த கருத்தில்லை. காவலாள் என்கிறார்கள், காத்திருந்த வேலைக்காரர்கள் என்கிறார்கள், சரக்கு வைத்து விற்ற இடம் என்றும் சொல்கிறார்கள். அதனால் இந்த இழையில் முன்பு அக்கா ஒருவர் சொன்ன ‘காவல்மாடம்’ வேண்டாம். முடியாத வழக்குக்குச் சொல்லே தீர்ப்பு எழுதக்கூடாது.

என் பரிந்துரை: அமர்மாடம். ஹங்கேரியரும் ‘உட்காரும் மாடம்’ என்ற பொருளில்தான் சொல்கிறார்கள். மாடம் என்றால் மாளிகை என்று குழம்புமே என்றால், விளக்குமாடம், புறாமாடம் எல்லாம் இருக்கின்றனவே. ‘கோட்டம்’ நல்ல சொல்தான், ஆனால் கோயில் சுவரில் தெய்வம் நிற்கும் இடம் அது.

சரி, வாக்கியத்தில் போட்டுப் பார்ப்போம்:

“1686 முற்றுகையில் சிதைந்த வீடுகளைப் பரோக் பாணியில் புதுப்பித்தபோது அமர்மாடங்களை அடைத்துப் பூசிவிட்டார்கள். 1944–45 முற்றுகையில் பூச்சு உதிர்ந்த பிறகே பல அமர்மாடங்கள் மீண்டும் தெரிந்தன.”

உறுத்தவில்லை. ‘அடைத்த அமர்மாடம்’, ‘இரட்டை அமர்மாடம்’ என்று அடைமொழியும் ஏற்கிறது.

> அமர்மாடம் எனக்குச் சம்மதம். அந்த மூன்று இதழ் வளைவுக்கு?

‘மூவிதழ் வளைவு’ என்று வைத்திருக்கிறேன். நாலு, ஐந்து இதழ்களும் உண்டு என்பதால் அதைத் தனி இழையில் பேசுவோம்.