பிளான் எப்படி எழுதுவது, சொல்லித் தாங்க

இயேசுவுக்கே புகழ்! பாம்பன் பக்கம் ஒரு மீன் கம்பெனியில் கொள்முதல் கணக்கு பார்க்கிறேன். 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14-இல் முடிகிறது. முதல் வாரத்துக்கு எத்தனை பார் ஐஸ், எத்தனை கூலியாள் என்று முதலாளி பிளான் கேட்கிறார்.

போன வருஷம் "முதல் நாளே ஷெட் நிறைஞ்சிரும்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லி ஐஸை இறக்கியது நான்தான். காற்று கூடிப்போய் விசைப்படகுக்கு டோக்கன் (கடலுக்குப் போக மீன்வளத் துறை தரும் அனுமதிச் சீட்டு) கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் சாக்கைத் தூக்கிப் பார்த்தால் உள்ளங்கை அகலத்துக்குத்தான் கட்டி கிடந்தது. மிச்சமெல்லாம் வாய்க்கால் வழியே கடலுக்கே போயிருந்தது.

யாக்கோபு 4:15, "ஆண்டவருக்குத் திருவுளமானால்" என்று சொல்லச் சொல்கிறது. சரி, எக்ஸெல்லில் அதை எந்தக் கட்டத்தில் எழுத? பொறுப்பைத் தட்டிக் கழிக்கிறேன் என்று முதலாளி நினைப்பார் (கிறிஸ்தவர் இல்லை, ஆனால் நல்ல மனுஷர்). எங்கப்பா சிலுவை போட்டுக்கொண்டுதான் வள்ளத்தில் ஏறுவார், கூடவே ஒரு கேன் டீசலும் அதிகம் ஏற்றுவார். அதைப் பற்றி அவரிடம் கேட்காமலே விட்டுட்டேன்.

வேலையில் திட்டம் போடுகிற அண்ணன்மாரே, அக்காமாரே, எண்ணைச் சொல்லும்போது என்ன வார்த்தை சேர்ப்பீர்கள்? காற்று மாறினால் என்று இரண்டாவது கணக்கும் வைப்பீர்களா, இல்லை அது விசுவாசக் குறைவா? வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்கணும்.