குடல் அழற்சி உள்ளவர்களுக்கு வரும் தலைவலி: என் தங்கையின் அனுபவம்

கிரோன்ஸ் என்னும் குடல் அழற்சி நோய் முற்றியிருந்த நாட்களில் தம் தந்தையின் இடது கெண்டைக்கால் வீங்கி, உள்ளே ரத்தம் உறைந்திருந்ததை ஆம்பூர்ச் சகோதரி ஒருவர் நம் குழுவில் எழுதியிருந்தார். அது காலோடு நின்றுவிடும் ஆபத்து அன்று என்பதால் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் குடியாத்தம். என் தங்கைக்கு அல்சரேட்டிவ் கொலைடிஸ் என்னும் பெருங்குடல் அழற்சி பல ஆண்டுகளாக உண்டு. கெங்கையம்மன் சிரசுத் திருவிழா நெருங்கிய கத்திரி வெயிலில் நோய் மீண்டும் கிளம்பி, ரத்தமும் சளியுமாகப் பேதி போய்க்கொண்டிருந்தபோது அவளுக்குத் தலைவலி தொடங்கியது. அக்கம்பக்கத்தார் வெயிலைக் காரணம் காட்டினார்கள். அவளோ, "படுத்தால் கூடுகிறது அண்ணா, உட்கார்ந்தால்தான் சற்றுத் தணிகிறது" என்றாள். வாந்தி வந்து வலது கையும் மரத்துப்போனதும் வேலூருக்கு அழைத்துச் சென்றோம். மூளையிலிருந்து ரத்தத்தை வெளியேற்றும் சிரையில் ரத்தம் கட்டியாக உறைந்திருப்பது ஸ்கேனில் தெரிந்தது.

திருவிழாவுக்காக மாதவிலக்கைத் தள்ளிப்போட மாத்திரை எடுத்தாளா என்பதுதான் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி. எடுத்திருந்தாள். அழற்சி தீவிரமாகும்போது தட்டணுக்களும் உறைவுப் பொருட்களும் பெருகுகின்றன, பேதியால் உடலின் நீர் வற்றுகிறது, அதன்மேல் ஹார்மோன் மாத்திரையும் சேர்ந்தால் உறைவுக்கு வழி எளிதாகிறது என்று அவர் விளக்கினார்.

பிறகு ஹெப்பாரின் ஊசி என்றதும் அம்மா கொதித்துவிட்டார். மலத்தில் ரத்தம் போகிறவளுக்கு ரத்தம் உறையாமலிருக்க ஊசியா என்று அவர் கேட்டதில் நியாயம் இருப்பதாகவே எனக்கும் பட்டது. மருத்துவர் பொறுமையாகப் பதில் சொன்னார்: குடலில் கசியும் ரத்தத்தைக் கண்காணித்து ஈடுகட்டலாம், மூளையில் ரத்தக்கட்டி பரவினால் ஈடுகட்ட வழியில்லை, நோய் முற்றி மருத்துவமனையில் சேரும் குடல் அழற்சி நோயாளிகளுக்கு, ரத்தக்கட்டி இல்லாதபோதும், முன்காப்பாகவே இவ்வூசி குறைந்த அளவில் போடப்படுகிறது. ஊசி போட்ட பிறகு ரத்தப்போக்கு கூடவில்லை. கை தேறிவிட்டது, உறைவெதிர்ப்பு மாத்திரை பல மாதங்கள் தொடர்ந்தது.

சிரைகளில் ரத்தம் உறையும் வாய்ப்பு இந்நோயாளிகளுக்கு மற்றவர்களைவிட ஏறத்தாழ 2 முதல் 3 மடங்கு என்று ஆய்வுகள் சொல்கின்றன. தமனி அடைப்பால் வரும் மாரடைப்பும் பக்கவாதமும் அந்த அளவுக்குக் கூடுவதில்லை என்றாலும், இளவயதினரிடம் அந்தக் கூடுதல் துலங்கித் தெரிகிறது. கொலஸ்ட்ரால் அறிக்கையை மட்டும் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம்; அழற்சி மிகுந்திருக்கும்போது அந்த எண் தானாகவே தாழ்ந்து காட்டக்கூடும்.

ராணிப்பேட்டை உறுப்பினர் ஒருவரின் பதில்: ஐயா, எனக்கு வயது 58. அழற்சியைத் தணிக்கும் டோஃபாசிடினிப் மாத்திரையைத் தொடங்குமுன் பீடி, ரத்த அழுத்தம், சர்க்கரை, குடும்பத்தில் மாரடைப்பு என அனைத்தையும் என் மருத்துவர் கேட்டறிந்தார். 50 வயதைக் கடந்த, இதய ஆபத்துக் காரணிகள் உள்ள முடக்குவாத நோயாளிகளிடம் நடந்த ஆய்வை வைத்து அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2021இல் இம்மருந்துக்கான மாரடைப்பு, ரத்த உறைவு எச்சரிக்கையைக் கடுமையாக்கியதாம். பீடியை விட மறுத்திருந்தால் வேறு மருந்துதான் தந்திருப்பேன் என்றார்.