அந்த 51 ஓட்டு

குரூப்: பாட்டி வீட்டு ஆளுக

பிரபு: *பலமுறை பகிரப்பட்டது* எம்எல்ஏ ஆனா அஞ்சே வருசம், ஏழு தலைமுறைக்கு உக்காந்து சாப்பிடலாம்! பத்து பேருக்கு அனுப்பவும் 🙏

பிரபு: இதைப் படிச்சுட்டுத்தான் கவுன்சிலருக்கு நிக்கப்போறேன்னு கெளம்பிட்டியாடா மாப்ள?

கார்த்தி: கவுன்சிலர்ல ஆரம்பிச்சா பத்து வருசத்துல எம்எல்ஏ மச்சான். மாசம் 1,05,000

சுந்தரம்: 2018-ல ஏத்துனது அது. அதுக்கு முந்தி 55,000. பஸ்காரங்க ஸ்ட்ரைக் பண்ணிக்கிட்டு இருந்த சமயத்துலதான் சட்டசபையில ஏத்திக்கிட்டாங்க. நான் ஆபீசுக்கு நடந்து போயிட்டு இருந்தேன்

ஜெயா: அண்ணே, நீ வேற அவனை ஏத்திவிடாத

சுந்தரம்: ஏத்திவிடலம்மா. நன்மாறன் கதையச் சொல்லப் போறேன். மதுரை கிழக்குல ரெண்டு தடவ எம்எல்ஏ, 2001, 2006

கார்த்தி: கிழக்குன்னா ஒத்தக்கடைப் பக்கம்ல மாமா? 2021-ல திமுக மூர்த்தி ஜெயிச்ச தொகுதி

சுந்தரம்: அது இப்ப. அப்ப கிழக்குன்னா ஊருக்குள்ள. 2011 எலெக்சனுக்குத்தான் தொகுதி எல்லையை மாத்திப் போட்டு, மதுரை தெற்குன்னு புதுசா ஒண்ணு வந்துச்சு

பிரபு: எந்தக் கட்சிப்பா?

சுந்தரம்: மார்க்சிஸ்ட். மொதத் தடவ அதிமுக கூட்டணி, அடுத்த தடவ திமுக கூட்டணி

பிரபு: 😂😂 நல்லா இருக்கே

சுந்தரம்: சிரிக்காத. கூட்டணிதான் மாறுச்சு, மனுசன் மாறல. 2006-ல எதிர்ல நின்னது மதிமுக பூமிநாதன். எவ்வளவுல ஜெயிச்சாரு தெரியுமா? 51 ஓட்டு

கார்த்தி: 51 ஆயிரமா?

சுந்தரம்: ஆயிரம் எங்க வந்துச்சு? அம்பத்தி ஒண்ணு. ஒரு டவுன் பஸ்ல ஏத்திறலாம்

சுந்தரம்: அன்னிக்குத் தோத்த பூமிநாதன் 2021-ல தெற்குல ஜெயிச்சு எம்எல்ஏ ஆனாரு. நடுவுல 15 வருசம். நீ பத்து வருசக் கணக்குப் போடுற

கலா: அந்த 2006-ல மே 8 ஓட்டு. நான் வரமாட்டேன்னுதான் சொன்னேன். மொட்டை மாடில வடகம் பிழிஞ்சுக்கிட்டு இருக்கேன், பாதி மாவு அப்படியே கெடக்கு. உங்க மாமா கையக் கழுவக்கூட விடல. மாவுக் கையோட போய்ப் பட்டனை அமுக்குனேன்

ஜெயா: அந்த வடகத்தை எல்லாம் காக்கா தின்னுச்சு மதினி 😄

பிரபு: அப்ப நம்ம வீட்ல எத்தனை ஓட்டு?

கலா: ஆறு

சுந்தரம்: ஆறும் விழுந்துச்சான்னு சொல்ல முடியாது. அப்பா கடைசி வரைக்கும் வாயே தெறக்கல. மதிமுக சின்னம் பம்பரத்துக்குப் போட்டிருப்பாருன்னு எனக்கு ஒரு சந்தேகம்

ஜெயா: எங்கிட்டச் சொன்னாரு

சுந்தரம்: என்னன்னு?

ஜெயா: *இந்த மெசேஜ் நீக்கப்பட்டது*

கார்த்தி: அம்மா 😳

கலா: மேடைக் கலைவாணர்னு பேரு நன்மாறனுக்கு. தெருமுனையில மைக் கட்டுனா நாங்க சீரியலை அமத்திட்டு வாசல்ல வந்து நிப்போம். ஒருத்தரையும் வையாம அவ்வளவு சிரிக்க வைப்பாரு

கார்த்தி: சரி அத்தை, ரெண்டு தடவன்னா ஒரு வீடு வாசலாவது இருந்திருக்கும்ல

சுந்தரம்: வாடகை வீடு. 2021-ல கலெக்டர் ஆபீசுக்குப் போயி இலவச வீடு கேட்டு மனு கொடுத்தாரு. பேப்பர்லயே வந்துச்சு

பிரபு: சம்பளம் வாங்கலையா?

சுந்தரம்: அவங்க கட்சியில எம்எல்ஏ சம்பளத்தைக் கட்சியில கட்டிறணும். முழுநேர ஊழியருக்குக் கொடுக்குற அலவன்ஸ்தான் கைக்கு வரும். உன் பார்வேர்டுல போட்டிருக்க ஏழு தலைமுறை எந்தக் கணக்குன்னு கேட்டுச் சொல்லு

பிரபு: 🙈

சுந்தரம்: அதே வருசம் அக்டோபர் 28, நம்ம ராஜாஜி ஆஸ்பத்திரிலதான் உயிர் போச்சு. 74 வயசு. பிரைவேட் இல்ல, தர்மாஸ்பத்திரி

கலா: 🙏

ஜெயா: கேட்டியாடா கார்த்தி? வீட்டு லோன் இன்னும் பதினோரு வருசம் இருக்கு. யார் கட்டுறது?

கார்த்தி: நான் கட்சியில நிக்கலம்மா. சுயேச்சை

சுந்தரம்: அப்ப டெபாசிட்டைத் தனியா எடுத்து வை. அசெம்பிளின்னா 10,000, செல்லுற ஓட்டுல ஆறுல ஒரு பங்குக்கு மேல வாங்கலைன்னா திரும்ப வராது

கார்த்தி: சொந்தக்காரங்க ஓட்டே எம்பதுக்கு மேல வரும் மாமா. மச்சான், உன் ஓட்டு இங்கதான இருக்கு?

பிரபு: போன வருசமே பெங்களூருக்கு மாத்திட்டேன்டா

கார்த்தி: 😐

கலா: என் ஓட்டு இருக்குடா தங்கம். வடகம் போடுற மாசமா பாத்து நிக்காத, அவ்வளவுதான்