மிக்ஸர்ல இருந்து லேப்டாப்புக்கு ரெக்கார்ட் பண்ணா கரகரன்னு வருது, பாதி மியூசிக்கையும் காணோம். யாராச்சும் ஹெல்ப் பண்ணுங்க

பீட்டு_பையன்:

வணக்கம் மக்களே, ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும்தான் இருந்தேன், இப்பதான் மொத தடவை கேக்குறேன், கேள்வி சில்லறையா இருந்தா திட்டாதீங்க.

கோயம்புத்தூர் பக்கம் கல்யாண ரிசப்ஷன், காலேஜ் கல்ச்சுரல்ஸ்னு சின்னச் சின்ன ஃபங்ஷனுக்கு டிஜே பண்றேன். செகண்ட் ஹேண்ட்ல வாங்கின ரெண்டு சேனல் மிக்ஸர், பென்டிரைவ் போடுற பிளேயர் ரெண்டு, இவ்ளோதான் சொத்து. மிக்ஸர் பழசு, யூஎஸ்பி எல்லாம் கிடையாது. பின்னாடி மாஸ்டர், பூத் (டிஜே பக்கத்துல வைக்கிற ஸ்பீக்கருக்கு), ரெக் (ரெக்கார்டிங்குக்கு)னு மூணு அவுட் இருக்கு, மாஸ்டர் ஆம்புக்குப் போகுது, மத்த ரெண்டும் சும்மாதான் கிடக்கு.

இப்ப ஒரு பார்ட்டி, ஒரு மணி நேர மிக்ஸ் ஒண்ணு சாம்பிளுக்கு அனுப்பு, கேட்டுட்டு சொல்றேன்னு சொல்லிட்டாங்க. சரின்னு கடைக்குப் போயி ஒரு பக்கம் செவப்பு வெள்ளை ஆர்சிஏ, மறுபக்கம் ஹெட்போன்ல இருக்குமே அந்த 3.5 பின் இருக்கிற கேபிள் வாங்கிட்டு வந்து, ஆர்சிஏ ரெண்டையும் ரெக் அவுட்ல குத்துனேன். என் லேப்டாப்ல இருக்கிறதே ஒரே ஓட்டைதான், ஹெட்போன் படம் போட்ட ஓட்டை. மறுபக்கத்தை அதுல குத்துனா லேப்டாப் கண்டுக்கவே இல்ல, ஏதோ ஹெட்போன் மாட்டிட்டான்னு நெனச்சுக்குது. திரும்ப கடைக்குப் போயி மைக் தனியா ஹெட்போன் தனியா பிரிக்கிற ஸ்ப்ளிட்டர் வாங்கி, மைக் பக்கம் குத்துனேன். ஆடாசிட்டிங்கிற ரெக்கார்டிங் சாஃப்ட்வேர்ல ரெக்கார்ட் ஆகுது, ஆனா கிழிஞ்ச ஸ்பீக்கர்ல கேக்குற மாதிரி கரகரன்னு இருக்கு. மாஸ்டரை பாதிக்குக் கொறச்சேன், ரெக்கார்டிங்ல ஒரு மாத்தமும் இல்ல. ஆடாசிட்டில ரெக்கார்டிங் வால்யூமை கீழ கொண்டு வந்தேன், சத்தம் கொறையுது ஆனா கரகரப்பு அப்படியே இருக்கு. ஜூம் பண்ணிப் பாத்தா அலை எல்லாம் மேலயும் கீழயும் சீவி விட்ட மாதிரி தட்டையா நிக்குது.

இன்னொரு கூத்து, வெள்ளை ஒயரைப் புடுங்குனா மொத்தமா சத்தம் போயிருது, செவப்பைப் புடுங்குனா எதுவுமே ஆகல. அப்ப செவப்பு வேலையே செய்யலயா? மிக்ஸர் போச்சா, கேபிள் போச்சா, லேப்டாப் போச்சா? தலையே சுத்துது.

சவுண்டு_மாமா:

தம்பி எதுவும் போகல, பயப்படாதீங்க. மிக்ஸரும் நல்லாதான் இருக்கு கேபிளும் நல்லாதான் இருக்கு, நீங்க குத்துன எடம்தான் தப்பு.

ரெக் அவுட்ல வர்றது லைன் லெவல், அதாவது ஆடியோ சாமான்கள் ஒண்ணுக்கொண்ணு அனுப்புற பெரிய சிக்னல். சுமாரா 0.3 வோல்ட்டுன்னு வச்சுக்குங்க, பாட்டு ஏறும்போது அதுக்கு மேலயும் போகும். லேப்டாப் மைக் ஓட்டை எதிர்பாக்குறது சில மில்லிவோல்ட்டு. நூறு மடங்கு வித்தியாசம். பாலாடைல பக்கெட் தண்ணிய ஊத்துனா என்ன ஆகும், அதான் ஆகுது. ஆடாசிட்டில வால்யூம் கொறச்சும் ஏன் சரியாகலன்னா, சிக்னல் உள்ள நுழையுற எடத்துலயே நசுங்கிருது, நசுங்குனதுக்கு அப்புறம் நீங்க சின்னதாக்கிப் பாக்குறீங்க. நசுங்குன சட்டிய எட்ட வச்சுப் பாத்தாலும் நசுங்குன சட்டிதான்.

மாஸ்டர் கொறச்சா மாறாதது கோளாறு இல்ல, ரெக் அவுட்டோட கொணமே அதுதான். அது மாஸ்டர் திருகுக்கு முன்னாடியே பிரிஞ்சு வந்துரும்.

செவப்பு ஒயர் கதை என்னன்னா மைக் ஓட்டை மோனோ. உங்க பின்னோட நுனியில இருக்கிற லெஃப்ட்டை மட்டும் எடுத்துக்கும், ரைட்டைத் தூக்கிப் போட்டுரும். ரைட் பக்கம் மட்டும் வர்ற கிட்டாரு, கோரஸ் எல்லாம் உங்க மிக்ஸ்ல இருக்கவே இருக்காது.

ஒரு சின்ன யூஎஸ்பி டப்பா வாங்குங்க. பெரிங்கர் யூசிஏ 222ன்னு செவப்பு கலர்ல தீப்பெட்டிய விடக் கொஞ்சம் பெருசா வரும், யூசிஏ 202 அதே சாமான்தான் கலர் வேற. நேரா ஆர்சிஏ ரெண்டையும் குத்திக்கலாம், ஸ்டீரியோ வரும், டிரைவர்லாம் போட வேண்டியதில்ல. அதே வரிசைல யூஎஃப்ஓ 202ன்னு ஒண்ணு இருக்கு, அது இசைத்தட்டு ஓட்டுற ரெக்கார்டு பிளேயருக்கானது, ஃபோனோ லைன்னு ஒரு சுவிட்ச் இருக்கும். அது கைக்கு வந்தா சுவிட்ச் லைன்ல இருக்கான்னு பாருங்க, ஃபோனோல இருந்தா சிக்னலை இன்னும் பெருசாக்கிடும், மறுபடி இதே கரகரப்புதான்.

அப்புறம் கேக்காமயே ஒண்ணு சொல்றேன், அவசரத்துல எவனாச்சும் ஆம்போட ஸ்பீக்கர் அவுட்ல இருந்து லேப்டாப்புக்கு இழுக்கலாம்னு ஐடியா குடுத்தா கேக்காதீங்க. எங்கூட வேலை பாத்த பையன் ஒருத்தன் திருவிழால அப்படிப் பண்ணி, லேப்டாப் மூஞ்சி கறுத்துப் போச்சு, அன்னைக்கு சம்பளம் அதுக்கே போச்சு.

இரவுப்பறவை:

மாமா சொன்னது அத்தனையும் கரெக்ட். டப்பா வந்ததும் செய்ய வேண்டியதை மட்டும் சொல்லிட்டுப் போறேன், ஏன்னா விண்டோஸ் உங்கள சும்மா விடாது.

குத்துன உடனே லேப்டாப் ஸ்பீக்கர்ல சத்தம் வராது, போச்சுடான்னு பதறாதீங்க, விண்டோஸ் இனிமே இதுதான் ஸ்பீக்கர்னு முடிவு பண்ணி சத்தத்தை அந்த டப்பாவுக்கு அனுப்பிடும். சவுண்ட் செட்டிங்ல திரும்ப பழைய ஸ்பீக்கரை மாத்திக்குங்க. ரெக்கார்டிங் பக்கம் போனீங்கன்னா அது யூஎஸ்பி ஆடியோ கோடெக்னு, அதுவும் மைக்னு சொல்லிட்டு நிக்கும். அதோட ப்ராப்பர்ட்டீஸ்ல 2 சேனல், 16 பிட், 44100ன்னு மாத்துங்க, பல லேப்டாப்ல 1 சேனல்னு இருந்து தொலைக்கும், டப்பா வாங்கியும் மோனோதான் வருதுன்னு இங்க வந்து அழுதவங்க நெறய பேரு. என்ஹான்ஸ்மென்ட்னு ஏதாச்சும் டிக் இருந்தா எல்லாத்தையும் எடுத்துருங்க, அது பேச்சுக்கானது, பாட்டோட ஹை ஹேட்டை (ட்ரம்ஸ்ல வர்ற சின்ன தாளத் தட்டு சத்தத்தை) எரைச்சல்னு நெனச்சு அமுக்கிடும். ஆடாசிட்டிலயும் அந்த டிவைஸைத் தேர்ந்தெடுத்து ஸ்டீரியோன்னு வைங்க.

முதல்ல ரெண்டு நிமிஷம் மட்டும் எடுத்து, உங்க பழைய டெஸ்ட்டையே பண்ணுங்க, வெள்ளையைப் புடுங்கிப் பாருங்க, செவப்பைப் புடுங்கிப் பாருங்க. ஒவ்வொண்ணுக்கும் ஒரு பக்க அலை படுத்துக்கணும்.

லெவல்தான் முக்கியம். மீட்டர்ல 0 டிபிதான் (டிபி சத்த அளவு) கடைசி வரம்பு, உச்சம் மைனஸ் 6 டிபி கிட்ட நின்னா போதும், மைனஸ் 10 ஆனாலும் குடி முழுகிடாது. பின்னாடி ஏத்திக்கலாம். 0 தாண்டுனா தாண்டுனதுதான், திரும்ப கிடைக்காது. அதுவும் டிஜே மிக்ஸ்ல ரெண்டு பாட்டு மேல மேல ஏறுற எடத்துல பேஸ் ரெண்டும் சேந்து திடீர்னு குதிக்கும், அதனால டெஸ்ட் எடுக்கும்போது ஒத்தப் பாட்டை வச்சு எடுக்காதீங்க, ரெண்டும் ஓடுற எடத்தை வச்சு எடுங்க.

சவுண்டு_மாமா:

ஒரே ஒரு எடத்துல நான் ஒத்துக்க மாட்டேன், மைனஸ் 10 ரொம்பக் கம்மி. நாங்க கேசட்ல எடுத்த காலத்துல முள்ளு செவப்பை லேசா தொட்டாதான் சூடா இருக்கும்.

இரவுப்பறவை:

மாமா கேசட்ல டேப் எரைச்சல் இருந்துச்சு, அதுக்கு மேல நிக்கணும்னு தள்ளுனீங்க, தாண்டுனாலும் டேப் மெதுவாதான் மழுங்கும். இங்க 16 பிட்டுலயே எரைச்சலுக்கும் உச்சத்துக்கும் நடுவுல கணக்குக்கு 96 டிபி எடம் இருக்கு. 10 டிபி விட்டாலும் மிச்சம் 86, ஃபங்ஷன்ல வாசிக்கிற எந்தப் பாட்டுக்கும் அதுல பாதி தேவையில்ல.

சவுண்டு_மாமா:

சரிப்பா, நீ சொன்னா சரிதான். ஆனா தம்பிக்கு இன்னொண்ணு. அந்த டப்பால இன்புட்டுக்குத் திருகு கிடையாது. ரெக் அவுட் லெவல் உங்க மிக்ஸர்ல அதிகமா இருந்து டப்பா வழியா வர்ற லெவலே ஆடாசிட்டி மீட்டர்ல செவந்துச்சுன்னா, பூத் அவுட்ல இருந்து எடுங்க, அதுக்குத் தனித் திருகு இருக்கும், கொறச்சு வச்சுக்கலாம். வீட்ல எடுக்குற வரைக்கும் பூத்துதான் என் ஓட்டு. ஃபங்ஷன்ல எடுக்குறதா இருந்தா ரெக்தான், ஏன்னா மண்டபத்துக்காரர் வந்து சத்தத்தைக் கொறங்கன்னு சொல்லுவாரு, மாப்ள வீட்டு மாமா வந்து ஏத்துங்கன்னு சொல்லுவாரு, நீங்க மாஸ்டரை என்ன பண்ணாலும் ரெக்கார்டிங் ஆடாது. ஆனா சேனல் ட்ரிம்மை (ஒவ்வொரு சேனலுக்கும் உள்ள வர்ற லெவல் திருகை) ஏத்தி மிக்ஸர் மீட்டரே செவப்புல நின்னுச்சுன்னா எந்த அவுட்டும் காப்பாத்தாது, அதையும் ஞாபகம் வச்சுக்குங்க.

கொட்டுமேளம்:

நடுவுல வர்றேன், மன்னிக்கவும். நான் லேப்டாப்பையே விட்டுட்டேன். லைன் இன் இருக்கிற ஹேண்டி ரெக்கார்டர் ஒண்ணு வச்சிருக்கேன், ரெக்ல குத்தி பட்டனை அமுக்குனா வேலை முடிஞ்சுது, அப்டேட்டும் இல்ல நோட்டிஃபிகேஷனும் இல்ல. ஒரு தடவை லேப்டாப்ல எடுத்தப்ப நடு மிக்ஸ்ல மெசேஜ் வந்து டிங்குன்னுச்சு, ஹால் பூரா ஸ்பீக்கர்ல கேட்டுச்சு, அந்த லேப்டாப்லதான் பாட்டும் ஓடிட்டு இருந்துச்சுங்கிறது என் முட்டாள்தனம்.

அப்புறம் ப்ரோ, மிக்ஸர்ல இருந்து எடுத்தா கூட்டத்தோட கத்தல் வராது, காலி ரூம்ல வாசிச்ச மாதிரி இருக்கும். சாம்பிளுக்கு அது பரவால்ல. லைவ்ல எடுக்கும்போது ஃபோனைத் தனியா ஓட விட்டு லேசா கலக்கலாம், ஆனா ரெண்டு மெஷினும் ஒரே வேகத்துல ஓடாது, ஆரம்பத்துல ஒட்ட வச்சாலும் ஒரு மணி நேரம் கழிச்சு தள்ளிப் போயிருக்கும், அங்கங்க வெட்டி ஒட்டணும்.

பீட்டு_பையன்:

எல்லாருக்கும் நன்றி!! டப்பா வந்துருச்சு. இரவுப்பறவை அண்ணா சொன்ன மாதிரியே 1 சேனல்லதான் இருந்துச்சு, மாத்திட்டேன். செவப்பு ஒயருக்கு உயிர் வந்துருச்சு, நான் நூறு தடவை வாசிச்ச பாட்டுல ரைட் பக்கம் ஒரு கைதட்டு ஓடுறதை இப்பதான் ரெக்கார்டிங்ல கேக்குறேன். ரெக்ல குத்துனா லேசா செவக்குது, பூத்ல குத்தி அதோட திருகை கடிகாரத்துல பத்து மணி காட்டுற எடத்துல வச்சேன், மைனஸ் 7ல நிக்குது.

ஆனா விடாது கருப்புங்கிற மாதிரி, பாட்டு இல்லாத எடத்துல ம்ம்ம்ம்னு ஒரு சத்தம். ஃபேன் சத்தம்னு நெனச்சு ஃபேனை எல்லாம் ஆஃப் பண்ணி வேர்த்து ஊத்த உக்காந்திருந்தேன், போகல.

சவுண்டு_மாமா:

சார்ஜரைப் புடுங்கிட்டுப் பாருங்க தம்பி.

பீட்டு_பையன்:

மாமா!!! நின்னுருச்சு! எப்படி?

சவுண்டு_மாமா:

எர்த் லூப்பு. லேப்டாப் சார்ஜர் ஒரு பிளக்குல எர்த் ஆகுது, மிக்ஸர் இன்னொரு பிளக்குல எர்த் ஆகுது, நடுவுல உங்க ஆர்சிஏ ஒயரோட கவசம் ரெண்டையும் சேத்து வட்டம் போட்டுருது, கரண்டோட 50 ஹெர்ட்ஸ் அதுல உக்காந்து பாடுது. பேட்டரி ஒரு மணி நேரம் தாங்கும்னா சார்ஜர் இல்லாமயே எடுங்க. தாங்காதுன்னா எல்லாத்தையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல குத்திப் பாருங்க, அதுலயும் போகலன்னா கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர்னு ஆர்சிஏக்கு நடுவுல மாட்டுற சாமான் இருக்கு. மூணாவது பின்னை ஒடச்சா சரியாயிடும்னு சில பேரு சொல்லுவாங்க, ஹம்மு போகும், என்னைக்காச்சும் பாடில கரண்ட் வந்தா ஆளும் போவான். அதைத் தொடாதீங்க.

இரவுப்பறவை:

பேட்டரில எடுக்குறதா இருந்தா பவர் சேவர் மோடை ஆஃப் பண்ணிடுங்க, ஸ்லீப்பையும் ஆஃப் பண்ணுங்க, வைஃபையும் வேணாம். யூஎஸ்பி ஹப் வழியா குத்தாம நேரா லேப்டாப்லயே குத்துங்க, இல்லன்னா நடுவுல டிக் டிக்னு விட்டுப் போகும். டிஸ்க்ல எடம் இருக்கான்னும் பாத்துக்குங்க, வேவ் ஃபைல் நிமிஷத்துக்குச் சுமார் 10 எம்பி, ஒரு மணி நேரம் 600 எம்பி சொச்சம், ஆடாசிட்டி உள்ளுக்குள்ள 32 பிட்டுல வைக்கிறதால வேலை நடக்கும்போது அதைப் போல ரெண்டு மடங்கு தின்னும். முடிஞ்சதும் மொத வேவா ஒரு காப்பி எடுத்து வச்சுட்டு அப்புறம் எம்பி3 போடுங்க.

பீட்டு_பையன்:

கடைசி டவுட், பார்ட்டி லிங்க்கா அனுப்பச் சொல்றாங்க. யூட்யூப்ல போடலாமா?

கொட்டுமேளம்:

எல்லாம் படப் பாட்டுன்னா யூட்யூப்ல போட்ட கொஞ்ச நேரத்துலயே கன்டென்ட் ஐடி (காப்பிரைட் பாட்டைத் தானா கண்டுபுடிக்கிற யூட்யூப் சிஸ்டம்) புடிச்சிரும், கிளைம் வரும் இல்ல பிளாக்கே ஆகும். மிக்ஸ்கிளவுட் இந்த மாதிரி மிக்ஸுக்குன்னே உரிமைக்காரங்களோட ஒப்பந்தம் போட்டு நடத்துற சைட்டு, அங்க போடலாம். ஒருத்தருக்கு மட்டும்தான்னா பேசாம டிரைவ் லிங்க் குடுத்துருங்க, முடிஞ்சுது.

பீட்டு_பையன்:

டிரைவ்ல ஏத்தி அனுப்பிட்டேன். மூணாவது டேக்கு, ஒரு மணி 4 நிமிஷம், ஒரு கரகரப்பு இல்ல ஒரு ஹம்மு இல்ல, சார்ஜர் இல்லாம பேட்டரி 11 பர்சன்ட்ல முடிச்சேன். ராத்திரி ஹெட்போன்ல முழுசா உக்காந்து கேட்டேன்.

பார்ட்டி இன்னைக்கு கூப்டாங்க. ஃபோன் ஸ்பீக்கர்லயே போட்டுக் கேட்டாங்களாம். நல்லாருக்கு தம்பி, இன்னும் ரெண்டு குத்துப்பாட்டு சேத்து வேற ஒண்ணு அனுப்புங்கன்னு சொல்றாங்க. லேப்டாப்பை சார்ஜ்ல போட்டிருக்கேன்.