ரீஃப்ளோவுக்கு ‘மடங்குரை’ சரிவருமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். மின்னூலில் திரைக்கேற்ப வரிகள் மாறியமைவதைக் குறிக்கும் ‘ரீஃப்ளோ’ (reflow) என்ற சொல்லுக்குத் தமிழ் தேடும் பேச்சில் இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: மீள்பாய்வு, மறுவோட்டம், நெகிழ்வடிவம். மூன்றையும் என் வேலையில் வைத்துப் பழகிப் பார்த்தேன். தொழில்நுட்பக் கையேடுகளை ஒரே மூலக்கோப்பிலிருந்து அச்சுக்கும் மின்னூலுக்கும் தயாரித்துக் கொடுப்பது என் அன்றாட வேலை. இந்தச் சொல் எனக்கு ஒரு நாளில் பத்து தடவையாவது தேவைப்படும். அதனால்தான் இத்தனை நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், நடப்பது என்ன? மின்னூலில் எழுத்தின் அளவைக் கூட்டினால் வரியில் ஆறு சொல் இருந்த இடத்தில் நான்குதான் கொள்ளும். மிச்சம் இரண்டும் அடுத்த வரிக்கு இறங்கும். அங்கிருப்பவை அதற்கும் கீழே இறங்கும். இப்படியே நூலின் கடைசிவரை ஒவ்வொரு வரியும் புதிய இடத்தில் முடியும். பக்கங்களின் எண்ணிக்கையும் மாறிப்போகும். ஃபோனைப் பக்கவாட்டில் திருப்பினாலும் இதே கதைதான்.

இதில் எனக்குப் பாய்வு எதுவும் தெரியவில்லை. பாய்வது தண்ணீர், அது எங்கே நிற்கும் என்று யாரும் கணக்குப் போடுவதில்லை. இங்கே ஒவ்வொரு வரியும் எங்கே முடியவேண்டும் என்று ஒரு நிரல் முடிவுசெய்கிறது. கணினியியலாளர் டொனால்ட் கனூத், நிரலாக்கம் பற்றிய தம் நூல்வரிசையின் இரண்டாம் தொகுதியைப் புதிய பதிப்பாகக் கொண்டுவரும்போது, 1977-ல் வந்த மெய்ப்பில் எழுத்துகளின் தரம் பிடிக்காமல் தாமே அச்சுக்கோக்கும் நிரல் எழுத உட்கார்ந்தார். அதுதான் டெக் (TeX). அவரும் மைக்கேல் பிளாஸும் 1981-ல் வெளியிட்ட கட்டுரை பத்தியை எப்படி வரிகளாக உடைப்பது என்பதைப் பற்றியது. ஒரு வரியை நிரப்பிவிட்டு அடுத்த வரிக்குப் போகாமல், பத்தி முழுவதையும் ஒருசேரப் பார்த்து, எங்கெங்கே உடைத்தால் மொத்தத்தில் இடைவெளிகள் சீராக வரும் என்று டெக் கணக்கிடும். இந்த வேலையில் ஊறியவர்கள் பேசியது உடைப்பைப் பற்றித்தான்.

சரி, நாம் உடைப்பு என்றே சொல்லலாமா? வேண்டாம். தமிழில் இதற்கு ஏற்கெனவே ஒரு வினை இருக்கிறது. “உரைநடையை மடக்கி மடக்கி எழுதினால் கவிதை ஆகிவிடுமா?” என்று எத்தனை முறை கேட்டிருப்போம்! வரியை ஓரிடத்தில் நிறுத்தி அடுத்த வரிக்குக் கொண்டுவருவதை நாம் மடக்குவது என்றுதான் சொல்கிறோம். யாரும் குழு போட்டு உருவாக்கிய சொல் இல்லை இது. வாயில் கிடக்கிறது, எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஆகவே என் முன்மொழிவு மடங்குரை. மடங்கு என்ற வினையும் உரையும் சேர்ந்த வினைத்தொகை. இயங்குதளம், தொடுதிரை, செல்பேசி என்று நம் கணினிச் சொற்களில் நின்றுவிட்டவை பலவும் வினைத்தொகைகள்தானே. இந்தப் பொருளுக்கோ அது இன்னும் பொருத்தம். வினைத்தொகையில் காலம் மறைந்து நிற்கும்: மடங்கிய உரை, மடங்குகின்ற உரை, மடங்கும் உரை. மின்னூலை நான் தயாரித்த அன்று என் திரையில் ஒரு விதமாக மடங்கியது. இப்போது உங்கள் திரையில் வேறு விதமாக மடங்குகிறது. நாளை வேறொருவர் கையில் இன்னொரு விதமாக மடங்கும். மூன்று காலத்தையும் ஒரே சொல்லில் அடக்க இலக்கணமே வழி வைத்திருக்கும்போது, ‘மீள்’, ‘மறு’ என்ற முன்னொட்டுகளைத் தேடிப் போவானேன்?

ஒரு சொல் தேறுமா என்று பார்க்க நான் வைத்திருக்கும் சோதனை, அது வினையாகப் புழங்குகிறதா என்பது. அட்டவணையில் பெயராக மட்டும் உட்கார்ந்திருக்கும் சொல்லை வேலை செய்கிறவர்கள் தொடமாட்டார்கள். அடுத்த மேசைக்காரரிடம் “இந்தப் பத்தி சரியாக மடங்கவில்லை, பாருங்கள்” என்று சொல்ல முடிகிறது. “இந்தப் பத்தி சரியாக மீள்பாயவில்லை” என்று என்னால் சொல்ல முடியவில்லை, முயன்று பார்த்தேன். நெகிழ்வடிவம் கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் அது ஒரு குணத்தைச் சொல்கிறது, நிகழ்வைச் சொல்வதில்லை.

வினை ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை ஒரு சம்பவத்தால் சொல்கிறேன். கணினிக்குக் கட்டளைகளைத் தட்டச்சு செய்து கொடுக்கும் கட்டளைவரி பற்றி நான் தயாரித்த கையேடு ஒன்றில் நீளமான ஒரு கட்டளை இருந்தது. அச்சில் அது ஒரே வரி, பளிச்சென்று நின்றது. மின்னூலில், சிறிய திரையில், அது பாதியில் மடங்கியது. மடங்கிய இடத்தில் மின்னூல் படிப்பான் தானாக ஓர் இணைப்புக்கோடு போட்டது, சாதாரணச் சொல்லை முறிக்கும்போது போடுமே, அதுபோல. வாசகர் அந்தக் கோட்டையும் சேர்த்துத் தட்டச்சு செய்திருக்கிறார். கட்டளை ஓடவில்லை. ஒரு மணி நேரம் போராடிவிட்டு, நூலில் பிழை என்று எனக்கு எழுதினார். கட்டளைகளில் கோடு ஓர் உறுப்பு. ஒன்று கூடினாலும் குறைந்தாலும் பொருள் வேறு. அவர் பார்த்த பக்கத்தில் கோடு இருந்தது, என் மூலக்கோப்பில் இல்லை. இரண்டு பேருமே பார்த்ததைத்தான் சொன்னோம். அந்த மடலைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே சங்கடமாக இருந்தது. அந்த ஒரு மணி நேரத்துக்கு நான்தான் பொறுப்பு.

அன்றிலிருந்து நிரல்வரிகள் அத்தனைக்கும் ‘மடங்காதே’ என்று, நூலின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் வடிவக்கோப்பில் எழுதிவைக்கிறேன். அதற்குப் பெயரும் தானாக வந்துவிட்டது: மடங்கா வரி. ஒரே வேரிலிருந்து மடங்குரை, மடங்கா வரி, வரிமடக்கம், மறுமடக்கம் என்று ஒரு குடும்பமே கிளைக்கிறது. பாய்விலிருந்து இதைக் கிளைத்துக் காட்டுங்கள், நான் என் சொல்லை விட்டுவிடுகிறேன்.

எதிர்ப்பக்கத்துக்கும் பெயர் வேண்டும். மின்னூல்களுக்கான ஈபப் (EPUB) தரத்தின் மூன்றாம் பதிப்பில் நூலின் அமைப்பைக் குறிக்க இரண்டே மதிப்புகள் உண்டு. ஒன்று மடங்குவது, மற்றது முன்பே பக்கம் பிரித்து முடித்தது. இரண்டாவதை நிலைப்பக்கம் எனலாம். ஒன்றில் உரையும் மற்றொன்றில் பக்கமும் இருப்பது பொருத்தமா என்று கேட்பீர்கள். வேண்டுமென்றேதான் அப்படி வைத்தேன். மடங்குரைக் கோப்புக்குள் இருப்பது உரை: தலைப்பு இது, பத்தி இது என்ற குறிப்புகளோடு. 1993-ல் வந்த பிடிஎஃபின் அடிப்படை பக்கம்: இந்த எழுத்துருவம் இந்த இடத்தில் என்ற கணக்கு. பத்தி என்ற ஒன்று அதற்குத் தெரியவேண்டிய கட்டாயமில்லை. பழைய பிடிஎஃபிலிருந்து தமிழை நகலெடுத்து ஒட்டியவர்களுக்கு இது புரியும். ‘கொ’ என்ற ஓரெழுத்து கொம்பு தனி, ககரம் தனி, கால் தனி என்று மூன்று துண்டாக வந்து விழும். பார்வைக்குச் சரியாக வரைந்தாலே போதும் என்று செய்த கோப்பு அது.

இனி, அச்சு அழிந்துவிடுமா என்ற கிளைப்பேச்சுக்கு. அழியாது என்றே நினைக்கிறேன், அதற்கான காரணமும் இந்த இரண்டு சொற்களில் இருக்கிறது. இடப்பக்கத்தின் அடியில், படத்துக்குப் பக்கத்தில் படித்தோம் என்று ஒரு சூத்திரம் நினைவில் நிற்கிறதல்லவா, அது நிலைப்பக்கம் தரும் வசதி. அகலமான அட்டவணை, எதிரெதிர்ப் பக்கத்தில் வைத்த வரைபடம், வரிவரியாக விளக்கிய நிரல், இவையெல்லாம் நின்ற இடத்தில் நிற்கவேண்டியவை. மடங்குரைக்கோ வேறு பலம். கண்பார்வை குறைந்தவர் எழுத்தை மும்மடங்கு பெரிதாக்கிப் படிக்கலாம், திரைபடிப்பானைக் கொண்டு கேட்கலாம், தேடலாம், பிழை திருத்திய மறுநாளே புதிய கோப்பைப் பெறலாம். கருவிகளும் இப்போது இரண்டுக்கும் சேர்ந்தே வேலை செய்கின்றன. டாக்புக், மார்க்டவுன் போன்ற குறியீட்டு வடிவம் ஒன்றில் ஒருமுறை எழுதினால், பாண்டாக் போன்ற மாற்றி ஈபப்பாகவும், டெக்கின் மேல் அமைந்த லேடெக் வழியே பிடிஎஃபாகவும் தருகிறது. அச்சா மின்னூலா என்று எழுதத் தொடங்கும்போதே முடிவுசெய்யும் அவசியம் போய்விட்டது. எது மடங்கலாம், எது மடங்கக்கூடாது என்பதை மட்டும் எழுதும்போதே குறித்துவிட வேண்டும். அதைக் குறிக்கத்தான் நமக்குச் சொல் வேண்டியிருக்கிறது.

தமிழுக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்றுண்டு. ‘ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கின்றன’ என்பது பதினேழு எழுத்து. ஃபோன் திரையில் இப்படி ஒரு சொல் வந்தால், ஒன்று சொல்லை முறிக்க வேண்டும், இல்லையென்றால் மேல்வரியில் பெரிய ஓட்டை விழும். முறித்தாலும் புள்ளி வைத்த மெய் அடுத்த வரியின் தொடக்கத்தில் வரக்கூடாது. ‘ஒப்பு’ என்று நிறுத்தி ‘க்கொள்ள’ என்று தொடங்கினால் படிக்கிறவர் நாக்கு தடுக்கும். ‘ஒப்புக்’ என்று நிறுத்தினால் உறுத்தாது. இந்த விதிகளை எழுத ‘வரிமடக்கம்’ என்ற தலைப்பே போதும். இதைத் தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.

வந்திருக்கும் மறுப்புகளில் வலுவானது, மடங்கு என்றால் இருமடங்கு, மும்மடங்கு என்ற பொருள் வருமே என்பது. நானும் மேலே ஓரிடத்தில் அந்தப் பொருளில் எழுதியிருக்கிறேன், யாரும் குழம்பியிருக்க மாட்டீர்கள். அந்தப் பொருளில் மடங்குக்கு முன்னால் ஓர் எண்ணோ ‘பல’ என்பதோ வந்து நிற்கும். மடக்கணியோடு குழம்புமே என்று சொன்ன ஐயாவுக்கு: அது வந்த சொல்லே மீண்டும் வந்து வேறு பொருள் தருவது, அணியிலக்கணத்துக்கு வெளியே அந்தச் சொல் அதிகம் புழங்குவதில்லை. மடக்கு நாற்காலி, மடக்கு ஃபோன் என்பவை நினைவுக்கு வரும் என்பது உண்மை. அதனால்தான் மடக்குநூல் என்று வைக்காமல் உரையைச் சேர்த்தேன்.

பக்கம் மாறிக்கொண்டே இருந்தால் மேற்கோள் காட்டுவது எப்படி என்று ஒரு தோழி கேட்டிருந்தார். ‘143-ஆம் பக்கம் பார்க்க’ என்று அச்சுக்காக எழுதியது மின்னூலில் பொருளற்றுப் போகிறது. ஈபப்பில் அச்சுப் பக்க எண்களைப் பட்டியலாகச் சேர்க்க வழி இருக்கிறது, நானும் சேர்க்கிறேன். ஆனால் நமக்குப் பழக்கமான வழி அதைவிட உறுதியானது. திருக்குறளை எந்தப் பதிப்பில் படித்தாலும் குறள் எண்ணைச் சொன்னால் போதும், 1330-ல் எது என்று தெரிந்துவிடும். தொல்காப்பியத்துக்கு இயலும் நூற்பா எண்ணும். ஓலையில் வரி எங்கே முடியும் என்பதை ஓலையின் நீளம்தான் தீர்மானித்தது. செய்யுளைக்கூட அடி பிரிக்காமல் தொடர்ந்து எழுதினார்கள், அடி எங்கே முடிகிறது என்பதை யாப்பு சொல்லியது. படிக்குப் படி வரி வேறாக மடங்கிய நூல்களை அத்தனை நூற்றாண்டு கையாண்டவர்கள் நாம். தொழில்நுட்பக் கையேட்டிலும் பத்திக்கு எண் கொடுத்துவிட்டால் இரண்டு வடிவிலும் ஒரே மேற்கோள் நிற்கும்.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை, செய்யுள் பதிப்பவர்கள் உதவவேண்டும். நீளமான அடி ஒன்று சிறிய திரையில் கொள்ளாமல் கடைசிச் சீர் மட்டும் கீழே இறங்கும்போது, அது புதிய அடி இல்லை என்று காட்ட உள்ளே தள்ளி வைக்கிறோம். அப்படித் தள்ளி நிற்கும் துண்டுக்கு என்ன பெயர்? ‘எச்சம்’ என்று எழுதி அடித்துவிட்டேன். இலக்கணத்தில் அதற்கு வேறு வேலை இருக்கிறது. ‘தொங்கல்’ என்று இப்போதைக்கு என் வடிவக்கோப்பில் வைத்திருக்கிறேன். உங்களிடம் பழைய சொல் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள், மாற்றிவிடுகிறேன்.

அன்புடன்.