84 கிலோ கணக்கு: உடம்பைத் தராசில் ஏற்றி டிக்கெட் விலை போடலாமா?

செந்தூல் செல்வா:
"உடல் எடை பார்த்து விமான டிக்கெட் விலை வைப்பது மனுசனை அவமானப்படுத்துறது"ன்னு நேத்து இங்கே ஒருத்தர் எழுதியிருந்தார். படிச்சதுல இருந்து எரிச்சல் அடங்கல. 20 கிலோ பெட்டி 23 ஆனா கவுண்டர்லயே வெள்ளியை எண்ணி வைக்கணும். அப்போ அவமானம் எங்கே போச்சு? 52 கிலோ ஆளுக்கும் 110 கிலோ ஆளுக்கும் ஒரே விலை. ஐரோப்பாவுல பெரியவங்க எல்லாரையும் சராசரியா 84 கிலோன்னு எழுதிக்கிறாங்க. அப்படின்னா 52 கிலோ ஆள் தலையில 32 கிலோவை ஏத்துறாங்கதானே? பசிபிக் தீவு நாடான சமோவாவுல சமோவா ஏர்ங்கிற விமானக் கம்பெனி 2013லேயே கிலோ கணக்குல டிக்கெட் வித்துக் காட்டிடுச்சு.

லோட்ஷீட் லிங்கம், பாயான் லெப்பாஸ்:
அந்த 84ல கைப்பையும் அடக்கம். முதல்ல அதைத் தெரிஞ்சுக்குங்க. அது விலைக்கான எண்ணே இல்ல, லோட்ஷீட்டுக்கான எண், அதாவது விமானத்துல எவ்வளவு பாரம் எங்கே இருக்குன்னு விமானிக்குக் குடுக்கிற கணக்குத் தாளுக்கு. கதவு சாத்துறதுக்கு முன்னாடி பயணிகளை முன், நடு, பின்னுன்னு பகுதி பகுதியா எண்ணி, சராசரி எடையால பெருக்குவோம். பெட்டிகளோட உண்மையான எடையைக் கூட்டுவோம். வெறும் விமானம், சிப்பந்திகள், சாப்பாட்டு வண்டி எல்லாம் சேர்த்தா எண்ணெய் இல்லாத எடை வரும். அதுக்கு ஒரு வரம்பு. எண்ணெயைச் சேர்த்தா புறப்படும் எடை, அதுக்கு இன்னொரு வரம்பு. கடைசியா பாரம் முன்னாடி சாயுதா பின்னாடி சாயுதான்னு பார்த்து, வால் பக்கத்துச் சிறகை எத்தனை டிகிரியில வைக்கணும்னு விமானிக்குச் சொல்லணும். இதுல டிக்கெட் விலை எங்கே வருது?
சமோவா ஏர்ல ஓடினது ஐலண்டர், செஸ்னா மாதிரி குட்டி விமானங்கள். 2015ல அந்தக் கம்பெனியே நின்னுபோச்சு. அதை ஏன் எழுதல?

செந்தூல் செல்வா:
கம்பெனி நின்னா கணக்கு தப்பாயிடுமா? 52 கிலோ ஆளை 84னு எழுதுறீங்களா இல்லையா?

பட்டர்வொர்த் தேவி:
செல்வா அண்ணே, விலையை எடையில வச்சீங்கன்னா அந்தத் தராசு வியாபாரத் தராசு ஆயிடும். மலேசியாவோட 1972 நிறுவை அளவைச் சட்டத்துல முத்திரை வேணும், பசார்ல மீன் நிறுக்கிற தராசு மாதிரி. ஏ320 விமானத்துல 180 பேர். ஆளுக்குப் பத்து வினாடின்னாலே அரை மணி நேரம். பட்ஜெட் விமானம் தரையிறங்கி மறுபடி கிளம்பவே 25 நிமிசம்தான் வச்சிருக்காங்க. ரெண்டு மாசம் முன்னாடி 60 கிலோன்னு போட்டு டிக்கெட் வாங்கினவர் 66 கிலோவா வந்து நின்னா, கேட்ல யார் சண்டை போடுறது?
ஆனா ஒண்ணு. ரெண்டு வயசு தாண்டின 18 கிலோ பிள்ளைக்கும் பட்ஜெட் விமானங்கள்ல பெரும்பாலும் பெரியவங்க விலைதான். அது அநியாயம்.

லோட்ஷீட் லிங்கம்:
அநியாயம் இல்லம்மா. பிள்ளையும் ஒரு சீட்டைப் பிடிக்குது. விக்கிறது சீட்டு, கிலோ இல்ல.
எண்ணெய்க் கணக்கையும் சொல்லிடுறேன். கூடுதல் எடையில மணிக்கு 3, 4 சதவீதம் எண்ணெயா எரியும். 20 கிலோ கூடினா கோலாலம்பூர் – பினாங்கு ஒரு மணி நேரத்துக்கு முக்கால் கிலோ, அதாவது சுமார் ஒரு லிட்டர். திருச்சிக்கு நாலு மணி நேரம்னா நாலு லிட்டர். இதுக்காகத் தராசு, முத்திரை, தகராறு எல்லாம் வேணுமா? பெட்டிக்குக் காசு வாங்குறது எடைக்கு மட்டும் இல்ல. தானா நடந்து வராத பெட்டியை பெல்ட்ல ஏத்தி, வண்டியில தள்ளி, குனிஞ்சு உள்ளே அடுக்க ஆள் வேணும். ஒரு பெட்டி 32 கிலோவைத் தாண்டக்கூடாதுன்னு வச்சதே அவங்க முதுகுக்காகத்தான்.

செந்தூல் செல்வா:
நாலு லிட்டர் எண்ணெய் உங்களுக்குச் சும்மா வருதா? சராசரி சராசரிங்கிறீங்களே, 2003ல அமெரிக்காவுல சார்லட்ல 19 சீட் பீச்கிராஃப்ட் விமானம் விழுந்து 21 பேர் போனாங்க. சராசரி எடையை நம்பினதுதானே? 2020ல பர்மிங்காம்ல ஒரு போயிங் 737 விமானத்துல "மிஸ்"னு போட்ட பெண்களையெல்லாம் கம்ப்யூட்டர் பிள்ளைங்கன்னு எடுத்து ஆளுக்கு 35 கிலோ போட்டுச்சு. லோட்ஷீட்டுல 1,200 கிலோவுக்கு மேல குறைஞ்சுபோச்சு. அதுவும் லோட்ஷீட்தானே லிங்கம் அண்ணே?

லோட்ஷீட் லிங்கம்:
சார்லட்ல சராசரி ஒரு காரணம். வால் பக்கத்துச் சிறகோட கேபிளைத் தப்பா இறுக்கினது இன்னொரு காரணம். பாதியை மட்டும் எழுதாதீங்க. அதுக்கப்புறம்தான் அமெரிக்காவுல சராசரியையே உயர்த்தினாங்க. விமானம் சின்னதா இருந்தா சராசரி உதவாது, நாலு கனத்த ஆள் ஒரே பக்கம் உட்கார்ந்தாலே கணக்கு கெட்டுடும். அதனாலதான் சரவாக்ல பாரியோங்கிற ஊருக்குப் போற ட்வின் ஓட்டர்ங்கிற குட்டி விமானத்துல பயணியையும் தராசுல ஏத்துறாங்க. எடைக்காக அங்கே டிக்கெட் விலை மாறுறதில்ல. 2023ல நியூசிலாந்துல 10,000 பேரை எடை போட்டது சராசரியைத் திருத்தத்தான், விலை போட இல்ல. நிறுக்கிறது வேற, விக்கிறது வேற.

ஜெலுத்தோங் குமரன்:
இருக்கையைச் சோதிக்கிறதே 77 கிலோ பொம்மையை வச்சுத்தான். 16 மடங்கு புவியீர்ப்பு விசையில இழுத்துப் பார்ப்பாங்க.

செந்தூல் செல்வா:
77ஆ, 84ஆ? ஒரு நம்பர்ல நில்லுங்கப்பா.

லோட்ஷீட் லிங்கம்:
77 இருக்கைக்கு, 84 லோட்ஷீட்டுக்கு. ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்க. 84ல கைப்பை அடக்கம்னு எத்தனை தடவை எழுதுறது?

செந்தூல் செல்வா:
கைப்பையைக் கழிச்சாலும் 52 ஆகாது. பினாங்குப் பாலத்துல பாருங்க. லாரிக்கு டோல் கூட, காருக்குக் கம்மி, மோட்டார் சைக்கிளுக்கு 2019ல இருந்து டோலே இல்ல. எடைக்கு ஏத்த காசுதானே?

ஜெலுத்தோங் குமரன்:
டோல் போடுறது அச்சுக்கும் சக்கரத்துக்கும். காலி லாரிக்கும் அதே டோல், மணல் லாரிக்கும் அதே டோல். போன மாசம் டோல் திரியிலயும் இதையே சொன்னேன், பதில் சொல்லாம ஓடிட்டீங்க.

செந்தூல் செல்வா:
ஓடல. நீங்கதான் என்னைப் பிளாக் பண்ணீங்க.

பட்டர்வொர்த் தேவி:
டோல் சண்டையை அங்கேயே போய்ப் போடுங்க. 18 கிலோ பிள்ளைக்கு ஏன் முழு விலைன்னு இன்னும் யாரும் ஒழுங்கா சொல்லல.

லோட்ஷீட் லிங்கம்:
சொன்னேனே, சீட்டு. கனத்தவருக்கு இடம் பத்தலைன்னா அதுவும் சீட்டுப் பிரச்சினைதான். கனடாவுல உள்நாட்டுப் பயணத்துக்கு உடல் பருமனால ரெண்டாவது சீட் தேவைப்படுறவங்ககிட்ட இன்னொரு டிக்கெட் காசு வாங்கக்கூடாதுன்னு 2008லேயே தீர்ப்பு வந்துடுச்சு. ஒரு ஆளுக்கு ஒரு டிக்கெட். நம்ம ஊர்லயும் அதைத்தான் கேட்கணும்.

செந்தூல் செல்வா:
ரெண்டு சீட் பிடிக்கிறவருக்கு ஒரு டிக்கெட், 18 கிலோ பிள்ளைக்கும் ஒரு முழு டிக்கெட். இப்போ சீட்டுக் கணக்கும் எங்கே போச்சு? 52 கிலோ ஆளை 84னு எழுதினதுக்கும் பதில் வரல.

லோட்ஷீட் லிங்கம்:
கைப்பை அடக்கம்.