நெல்லைப் பக்கம் நல்ல குடிநோய் சிகிச்சை இல்லம் தெரிந்தால் சொல்லுங்கள்

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, அம்பாசமுத்திரத்திலிருந்து எழுதுகிறேன். பல வருஷமாகத் தினமும் குடிக்கிற என் அண்ணன், "எங்கேயாவது கொண்டு சேருடே" என்று இப்போது அவராகவே கேட்கிறார். அந்த மனசு மாறுவதற்குள் நல்ல இடம் பார்க்க வேண்டும்.

முதலில் பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவில் காட்டப்போகிறோம். "நாலு நாள் அறையில் போட்டுப் பூட்டு, சரியாயிடும்" என்று ஊரில் சொல்கிறார்கள். தயவுசெய்து யாரும் அப்படிச் செய்யாதீர்கள். தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் முதல் சில நாட்களில் வலிப்பு, மனக்குழப்பம் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டர் மேற்பார்வையில் மருந்தும் தையமின் (வைட்டமின் பி1) ஊசியும் வேண்டும்.

நான் கேட்பது அதற்கு அப்புறம். குடியை நிறுத்தியதும் வருகிற நடுக்கம் நின்றுவிட்டால் குணமாகிவிட்டது என்று அர்த்தமில்லை. சில வாரங்களாவது தங்கி, தனி ஆலோசனை, குழு ஆலோசனை எல்லாம் பெற பாளையங்கோட்டை, தென்காசி, தூத்துக்குடி, நாகர்கோவில் பக்கம் எந்த இடம் நல்லது? 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். அடிக்கிற, கட்டிப்போடுகிற இடம் எத்தனை மலிவானாலும் வேண்டாம். மனநல மருத்துவர் ஒழுங்காக வருகிறாரா, வீட்டார் போய்ப் பார்க்க விடுகிறார்களா, மதினிக்கும் கவுன்சிலிங் கொடுப்பார்களா என்பதையும் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்குப் பெரிய கவலை. பழைய கூட்டாளிகள் தெருமுனையிலேயே நிற்பார்கள். அம்பை, கல்லிடைக்குறிச்சி பக்கம் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (குடியை விட நினைப்பவர்கள் கூடி ஒருவருக்கொருவர் துணை நிற்கிற அமைப்பு) கூட்டம் தமிழில் நடக்கிறதா? அரசின் 14446 போதை மீட்பு உதவி எண்ணில் பேசியவர்கள் இருந்தால் அதையும் எழுதுங்கள். தங்கிக் குணமானவர்களோ அவர்கள் வீட்டாரோ பொதுவில் சொல்லத் தயங்கினால் தனிச்செய்தி அனுப்புங்கள். செலவு விவரமும் வேண்டும்.